பொன்னுதுரை லாண்டரியின் வெள்ளை அணிவகுப்பு

காஜா பெராங் சாலையில், சிட்டிக் கம்பம் என்ற குடியிருப்புக்குத் திரும்பும் முனைக்கு எதிரே, மலாயா சுதந்திரம் அடைந்த காலத்தில் ஒரு பெருந்தலைவர் வாழ்ந்து வந்தார். நாடு அவரைக் கவனிக்கவில்லை. அது நாட்டின் நஷ்டம். பொன்னுதுரை என்பது அவர் பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தலைமை தாங்கியது துணி வெளுக்கும் ஒரு தோபிக் கடைக்கு. அந்தக் கடையில் மூன்று பேர் வேலை செய்தார்கள். மூன்று பேரும் அவரை மனமார வெறுத்தார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றுபோவதையும், முதுகு திரும்பியதும் யாரோ காறித் துப்புவதையும் பயபக்தி என்று அவர் புரிந்துவைத்திருந்தார்.

தலைமை அவருக்குச் சும்மா வந்ததல்ல. முப்பது வருஷத்துக்குக் கிட்ட, ஊருக்குள் ஒரு ரப்பர் கம்பெனி ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர். அங்கே இருந்த வெள்ளைக்கார மானேஜர் தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு நடை நடப்பார். நடை முடியும்வரை ஆபீசில் ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, ஆட்களை உற்சாகமாக வேலை செய்ய வைக்கும் சக்தி முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார் பொன்னுதுரை. அத்தனை பேருடைய பிழைப்பும் அந்தக் கைகளில் இருந்தது என்ற சின்ன விவரம் அவர் கண்ணில் படவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்றதும் கம்பெனி கைமாறியது. மானேஜர் கப்பலேறினார். பொன்னுதுரைக்கு ஒரு மாலையும் மொத்தமாக ஒரு தொகையும் கிடைத்தன. அந்தப் பணத்தில் யாழ்ப்பாணத்து ஊரில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார் மனைவி சாரதாம்பாள். பொன்னுதுரைக்கு வீடு முக்கியமில்லை, தலைமை தாங்க ஆட்கள்தான் முக்கியம். தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு கிழவரிடமிருந்து தோபிக் கடையை வாங்கினார். கிணறு, துவைகல், இஸ்திரிப் பெட்டிகள், ஒரு சைக்கிள், மூன்று ஆட்கள் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம்.

“உடுப்புத் தோய்க்கிறதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார் சாரதாம்பாள்.

“தோய்க்கிறது அவையின்ரை வேலை. ஊக்கப்படுத்துறது என்ரை வேலை.”

“உங்களுக்கு விசர்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார் அந்த அம்மாள். கணவரின் தலைமைப் பண்புகளைப் பற்றி அவர் கடைசிவரை பைத்தியம் என்ற இந்த ஒரு கருத்தோடுதான் இருந்தார்.

மூன்று ஆட்களில் இஸ்திரி போடுகிறவன் சேதுராமன். தகப்பன் காலத்திலிருந்தே இந்தத் தொழில். துணி வெளுப்பவள் அஞ்சலை. அவள் துவைகல்லில் அடிக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு யார் மேல் கோபம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் துணி எடுத்துக் கொடுத்து வருகிறவன் முகைதீன். பழைய முதலாளி காலத்தில் இந்த மூவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. அஞ்சலை நீலத்தை அள்ளிக் கொட்டுகிறாள் என்பான் சேதுராமன். அவன் கரி பிடித்த கையைத் துணியில் வைக்கிறான் என்பாள் அவள். முகைதீன் போகிற வழியில் தூங்குகிறான் என்று இரண்டு பேரும் சொல்வார்கள். பொன்னுதுரை வந்து சேர்ந்த மறுவாரமே மூன்று பேரும் ஒரே சட்டியில் சோறு பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். குழு ஒற்றுமை என்பது இதுதான். இதைச் சாதிக்கப் பெரிய கம்பெனிகள் எவ்வளவோ பாடுபடுகின்றன.

முதல் காரியமாகத் தன் அறைக் கதவைக் கழற்றச் சொன்னார். தலைவரின் கதவு ஆட்களுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும்; கதவே இல்லாவிட்டால் இன்னும் விசேஷம் என்பது அவர் கணக்கு. சேதுராமன் அதே கதவை இரண்டு பெட்டிகள் மேல் கிடத்தி, போர்வையை விரித்து இஸ்திரி மேசையாக்கிக்கொண்டான். வீடும் கடையும் ஒன்றாகவே இருந்ததால், அதன் பிறகு சாரதாம்பாள் கணவரைப் பேசுகிற பேச்செல்லாம் கடை முழுக்கக் கேட்டது. அப்போது மட்டும் மூன்று பேரும் வேலையை நிறுத்தி, மிகுந்த ஊக்கத்தோடு காது கொடுத்தார்கள்.

அடுத்தது, ஆட்களின் குடும்பத்தின் மேல் அக்கறை. காலையில் கையைப் பின்னால் கட்டி நடந்து வரும்போது, “உம்மடை வீட்டுக்காரர் சுகமோ?” என்று அஞ்சலையைக் கேட்பார். அவள் புருஷன் எவளோ ஒருத்தியோடு சிங்கப்பூருக்கு ஓடிப் பல வருஷம் ஆகிவிட்டது. முதல் நாள் அதை அவள் சொல்லிப் பார்த்தாள். “நல்லது, நல்லது. கேட்டதாகச் சொல்லும்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார் பொன்னுதுரை. தலைவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் அவர் அறிந்திருந்தார். பதிலையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. போகப் போக அஞ்சலையும் பழகிக்கொண்டாள். “சுகந்தான் சேர். நேத்து நண்டுக் கொழம்பு கேட்டாரு,” என்பாள், துணியை ஓங்கி அடித்துக்கொண்டே.

‘சேர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. முகைதீன் மட்டும் சீனக் கடை முதலாளியைக் கூப்பிடுவதுபோல ‘தவுக்கே’ என்றே கூப்பிட்டு வந்தான். நான் கடைக்காரனில்லை, நிர்வாகி என்று பொன்னுதுரை திருத்துவார். சரி தவுக்கே என்பான் அவன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மனம் திறந்து பேச ஒரு கூட்டம் உண்டு. முதல் கூட்டத்திலேயே முகைதீன் மனம் திறந்து, சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை என்றான். குறையோடு வருகிறவனுக்கு முன்னேற்றம் கிடையாது என்று பொன்னுதுரை நெடுநேரம் விளக்கினார். அந்த வாரமே முகைதீன் ஒரு மூட்டை வெள்ளைத் துணியோடு செமாபோக் போகும் வழியில் சாக்கடைக்குள் இறங்கினான். அத்தனையையும் மறுபடி வெளுத்தவள் அஞ்சலை. அடுத்த கூட்டத்தில் மனம் திறக்க ஒருவரும் முன்வரவில்லை. குறைகளே இல்லாத கடையாகிவிட்டது என்று பொன்னுதுரை மகிழ்ந்தார்.

தானே செய்து காட்டி வழிநடத்துவது என்று ஒன்று உண்டே, அதையும் அவர் விடவில்லை. ஒருநாள் சேதுராமனை நகரச் சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தானே பிடித்தார். ஒரு சட்டைக் காலரில் பெட்டியை வைத்தபடியே உழைப்பின் உயர்வைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சு முடிவதற்குள் காலர் பொசுங்கிவிட்டது. சட்டைக்காரர் வந்து கத்தியபோது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இந்த ஆளுக்குக் கவனம் காணாது. நான் கண்டிச்சு வைக்கிறன்,” என்று சேதுராமனைக் காட்டினார்.  சேதுராமன் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறினான். அன்றிலிருந்து அவன் வெறுப்பில் ஒரு நிதானம் வந்துவிட்டது. மற்ற இருவரும் அவ்வப்போது கோபப்படுவதோடு சரி. சேதுராமன் அதை ஒரு வேலையைப் போல நாள் தவறாமல் செய்தான்.

இங்கே தோபித் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெளுத்த துணி உரியவர் வீடு போய்ச் சேரும்வரை அதற்கு இரண்டொரு நாள் சொந்த வாழ்க்கை உண்டு. ஒரு கல்யாணம் என்றால் நாலு வெள்ளை வேட்டி போய்த் தலை காட்டிவிட்டு வரும். சாவு வீட்டில் ஒரு படுக்கை விரிப்பு பந்தல் துணியாக நின்றுவிட்டு வரும். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை வெளுத்து, மடித்துக் கொடுத்துவிடுவார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் அவரவர் வீட்டுக் கல்யாணத்திலும் யாரோ ஒருவருடைய விரிப்பு மேலே தொங்கியிருக்கும். ஒரே ஒரு விதிதான்: துணி தன் சொந்தக்காரர் கண்ணில் படக் கூடாது. செமாபோக் கிராமத்துச் சட்டை புக்கிட் காதில் என்ற கிராமத்துக் கல்யாணத்துக்குப் போகும். புக்கிட் காதில் வேட்டி செமாபோக்குக்கு வரும். தலைமுறை தலைமுறையாக ஒரு தப்பும் நடக்காமல் ஓடிய ஏற்பாடு.

பொன்னுதுரை இதை ஒரே நாளில் ஒழித்தார். நேர்மை என்பது தலைவருக்கு அடிப்படை அல்லவா. சேதுராமன் தன் அக்காள் மகள் கல்யாணத்துக்கு யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனது அவர் காதுக்கு எட்டியது. கல்யாண வீட்டுக்கே போனார். பந்திக்கு நடுவில் நின்று சட்டையைக் கழற்றச் சொன்னார். சேதுராமன் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு பாயசம் பரிமாறினான். சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பொன்னுதுரைக்கு, ஒரு நிறுவனத்தின் ஒழுக்கத்தைக் காப்பாற்றிய நிம்மதியில் அன்று நல்ல தூக்கம்.

இப்படிக் கடை சீரும் சிறப்புமாக நடந்துவரும்போதுதான் செமாபோக்கிலிருந்து இடி விழுந்தது. கலியாணசுந்தரம் என்பவர் அங்கே புதிதாக ஒரு லாண்டரி திறக்கிறார், கரண்டு இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கிற மெஷின், மின்விசிறி எல்லாம் உண்டு, பொன்னுதுரையின் ஆட்கள் மூன்று பேரையுமே கேட்டிருக்கிறார். சுதந்திர நாள் கழிந்ததும் வந்து சேரச் சொல்லியிருக்கிறார். இதைப் பொன்னுதுரைக்குச் சொன்னவன் முகைதீன். ரகசியமாக இல்லை, முகத்துக்கு நேராக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னான்.

“நாங்க போறோம் தவுக்கே. மனசு தொறந்து பேசச் சொன்னீங்கள்ல.”

பொன்னுதுரை கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்கள் போனால் கடை இல்லை. ஓய்வுப் பணம் மொத்தமும் அந்தக் கிணற்றடியில்தான் கிடக்கிறது. கடையை மூடினால் தம்பி வீட்டுக்கு யாழ்ப்பாணம் போகிறேன் என்று சாரதாம்பாள் பெட்டியைத் தூசி தட்டி வைத்துவிட்டார். இவற்றையெல்லாம்விட அவரை உலுக்கிய பயம் ஒன்று உண்டு. ஆட்கள் இல்லாமல் தலைமை தாங்குவது எப்படி? வெறுங்கிணற்றைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தால் ஊர் என்ன சொல்லும்?

மற்றவர்கள் இந்த இடத்தில் பிரேக்கைச் சரி செய்திருப்பார்கள். இல்லாவிட்டால் சம்பளத்தைக் கூட்டியிருப்பார்கள். அவை சாதாரண மனிதர்கள் செய்வது. பொன்னுதுரை ஓர் இலட்சியத்தைக் கொடுத்தார். சுதந்திரத் திருநாளன்று ஊர் வியாபாரிகள் காஜா பெராங்கிலிருந்து பண்டா ஹிலிர் திடல்வரை ஊர்வலம் போவதாக இருந்தது. அதில் பொன்னுதுரை லாண்டரியும் அணிவகுத்துப் போகும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. முன்னால் தலைவர், பின்னால் குழு. ஊர் பார்த்து வியக்கும். வியந்த ஊரைப் பார்த்து இவர்களுக்கு நெஞ்சு நிமிரும். நெஞ்சு நிமிர்ந்தவன் செமாபோக்குக்குப் போவானா?

கிணற்றடியில் அவர்களை நிற்க வைத்து இதை அறிவித்தார். வெள்ளை உடுப்புக்கு எங்கே போவது, ஆளுக்கு ஒரு செட் தைத்துத் தருவீர்களா என்று கேட்டான் சேதுராமன்.

பொன்னுதுரை கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒரு முறை பார்த்தார். “வெள்ளைக் கடலுக்கை நிண்டுகொண்டு வெள்ளை இல்லை எண்டு சொல்லுறீர். கெட்டிக்காரனுக்கு நான் எல்லாத்தையும் விளக்க வேணுமோ?”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பொருள் பொன்னுதுரைக்கு விளங்கியதா என்றால், விளங்கியது, விளங்கவில்லை. முப்பது வருஷம் பெரிய கிராணியாக இருந்தவருக்கு, எந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். அவருடைய சொந்தக் கோட்டு வயிற்றில் பொத்தான் போட மறுத்துவிட்டது. ஊர்வலக் காலையில் சேதுராமன் ஒரு வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து பின்னாலிருந்து பிடித்தான். பொன்னுதுரை கைகளை நீட்டினார். கோட்டு யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“தைச்சு வைச்ச மாதிரி இருக்கு,” என்றார் கண்ணாடியில் பார்த்து.

“தைச்சதுதான் சேர்,” என்றான் சேதுராமன்.

தொழில் விதியை அவர்கள் மீறவில்லை. காஜா பெராங் துணி ஒன்றைக்கூடத் தொடவில்லை. சேதுராமன் உடம்பில் இருந்தது செமாபோக் வாத்தியார் ஒருவருடைய சட்டையும் கால்சட்டையும். அஞ்சலை உடுத்தியிருந்தது புக்கிட் காதில் மருத்துவச்சியம்மாவின் வெள்ளைச் சேலை. முகைதீனுக்குச் செமாபோக் கடைக்காரர் ஷம்சுதீனின் ஜிப்பா. பழைய கணக்குப்படி எல்லாம் சரி. ஒன்றைத்தான் மறந்துவிட்டார்கள். கல்யாணமும் சாவும் ஒரு ஊரில் நடக்கும். சுதந்திரம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருகிறது. செமாபோக்கும் புக்கிட் காதிலும் அன்றைக்குக் குடும்பத்தோடு கிளம்பி, ஊர்வலம் பார்க்க ஊருக்குள் வந்து தெருவோரம் நின்றுகொண்டிருந்தன.

காஜா பெராங் தாண்டும்வரை ஒரு தொல்லையும் இல்லை. பொன்னுதுரை கைகளைப் பின்னால் கட்டி நடந்தார். பின்னால் மூன்று பேர், ஆளுக்கொரு திசையைப் பார்த்து முறைத்தபடி வந்தார்கள். ஊர்வலத்திலேயே மிகச் சின்ன அணி, மிக வெண்மையான அணி. ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலைக் கடக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் தெருவில் இறங்கினாள். அஞ்சலையின் பக்கத்தில் வந்து நடந்துகொண்டே சேலையின் முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் மருத்துவச்சி. பள்ளிவாசல் பக்கம் வந்தபோது ஷம்சுதீன் சேர்ந்துகொண்டார். அதற்கப்புறம் வாத்தியார், வாத்தியாரின் மனைவி, மைத்துனன்.

பொன்னுதுரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். தன் அணி வளர்ந்துகொண்டே வருவதைக் கண்டார். அழைக்காமலேயே மக்கள் பின்னால் வருகிறார்கள். அந்த வெள்ளைக்கார மானேஜருக்குக்கூட இது வாய்க்கவில்லை. நடையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். பின்னால் வாத்தியார் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார், தம்பி அந்தக் கால்சட்டை எங்கே எடுத்தது என்று. சேதுராமன் ‘மெர்டேக்கா’, சுதந்திரம், என்று கத்தினான். கேள்வி வரும்போதெல்லாம் கத்தினான். இதைவிட உற்சாகமான தொண்டனைப் பொன்னுதுரை கண்டதில்லை.

திடலுக்கு முன்னால் பிரமுகர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் நல்லையா உட்கார்ந்திருந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், புக்கிட் காதிலில் வீடு. இவரிடம் ஒரு நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று பொன்னுதுரைக்குப் பல வருஷத்து ஆசை. நேரே போய் நின்று ஒரு சலாம் வைத்தார்.

நல்லையா எழுந்து வந்தார். கோட்டின் மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். “தோளிலை கொஞ்சம் இறுக்குது, என்ன?” என்றார் மெதுவாக. “எனக்கும் அப்பிடித்தான்.”

பொன்னுதுரை திரும்பினார். அப்போதுதான் தன் தொண்டர் படையின் முகங்களைச் சரியாகப் பார்த்தார். மருத்துவச்சி முந்தானையை விடவே இல்லை. இது யார் செய்த வேலை என்று ஷம்சுதீன் கேட்டார். எல்லோரும் கேட்டார்கள். போலீஸைக் கூப்பிடலாமா என்று வாத்தியாரின் மைத்துனன் ஆர்வமாக விசாரித்தான்.

சேதுராமன் காத்திருந்தான். பொசுங்கின காலர் நாளிலிருந்து அவன் காத்திருந்தது இதற்குத்தான். கிராணியார் விரலை நீட்டி இவன்தான் திருடன் என்று சொல்வார். அவர் வாயிலிருந்து அது வந்ததும், ஊர் பார்க்க அந்தச் சட்டையைக் கழற்றி அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டு மூன்று பேரும் செமாபோக்குக்கு நடையைக் கட்டுவது என்று கண்ணாலேயே பேசி முடித்துவிட்டார்கள். அவன் மேல் பொத்தானைக்கூடக் கழற்றியாகிவிட்டது.

பொன்னுதுரையின் விரலும் எழுந்தது. பாதி தூரம் எழுந்தது. வாய் திறந்தது. அந்த நேரத்தில் நல்லையாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பைக் கண்டார். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். ஆட்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஆடுகிற ஆபீசைப் பற்றிப் பேசும்போது பெரிய மனிதர்கள் சிரிக்கிற சிரிப்பு. எனக்குத் தெரியாமல் இவர்கள் செய்துவிட்டார்கள் என்றால், எனக்குத் தெரியாமல் இவர்கள் செய்வார்கள் என்று ஆகிவிடும். பெரிய கிராணியின் கையெழுத்து இல்லாமல் ஒரு பென்சிலும் நகர்ந்திராத வாழ்க்கை அவருடையது. திருடன் என்ற பெயரைத் தாங்கிக்கொள்ளலாம். தெரியாதவன் என்ற பெயரை எப்படித் தாங்குவது?

விரலை மடக்கினார். கைகளைப் பின்னால் கட்டினார்.

“என்ரை உத்தரவு இல்லாமல் என்ரை கடையிலை ஒரு ஊசியும் அசையாது,” என்றார். “நான்தான் போடச் சொன்னனான். இவைக்கு இதிலை ஒரு சம்பந்தமும் இல்லை. சொன்னதைச் செய்யிற ஆக்கள்.”

 சேதுராமன் வாழ்நாளில் இவ்வளவு கோபப்பட்டதில்லை. எறிவதற்குத் தயாராக வைத்திருந்த சட்டையை இப்போது என்ன செய்வது? கழற்றின பொத்தானை மறுபடி போட்டான். “கெடுத்துட்டான்டி பாவி,” என்றான் அஞ்சலையிடம்.

“இதுக்கு நாம நன்றி வேற சொல்லணுமா?” என்றாள் அவள், முந்தானையை இன்னும் பிடித்திருந்த மருத்துவச்சியைப் பொருட்படுத்தாமல்.

நன்றி சொல்லும் அபாயத்துக்குப் பயந்தே மூன்று பேரும் திங்கட்கிழமை விடிந்ததும் செமாபோக்குக்குப் போய்விட்டார்கள். துணிக்காரர்களும் துணியை எடுத்துக்கொண்டு போனார்கள். நல்லையா மட்டும் வாடிக்கையாளராக நின்றார். இப்படி ஒரு வேடிக்கையை வேறு எந்தக் கடையிலும் காட்ட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பொன்னுதுரை காலையில் எழுந்து, ஆளில்லாத கிணற்றைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டி நடந்தார். கொடியில் நல்லையாவின் கோட்டு ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதனிடம் வீட்டில் சுகமா என்று கேட்காத குறை. சாரதாம்பாள் உள்ளேயிருந்து பேசுவதைக் கேட்கக்கூட வேறு ஆள் இல்லை; முழுவதையும் அவரே கேட்க வேண்டியிருந்தது.

செமாபோக்கில் நடந்தது பிறகு முகைதீன் வாயால் காஜா பெராங் முழுக்கப் பரவியது. கலியாணசுந்தரம் தங்கமான மனிதர். தயவு செய்து என்று சொல்லித்தான் வேலை சொல்வார். காலையிலும் மாலையிலும் தேத்தண்ணி. சேதுராமன் வேண்டுமென்றே ஒரு சட்டையைப் பொசுக்கிப் பார்த்தான். பரவாயில்லை தம்பி, புதுப் பெட்டி, பழகிவிடும் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். புதுச் சைக்கிளில் பிரேக் பிடித்தது. சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. யாரைத் திட்டுவது? கொஞ்ச நாள்தான் அப்படி ஓடியது. அப்புறம் அஞ்சலை, மெஷினில் துணியைப் போட்டுவிட்டு நிற்கத் தெரியாமல் நிற்கிறாள் என்றான் சேதுராமன். நீ மட்டும் கரண்டுப் பெட்டியைக் கண்டு பயந்து சாகிறாயே என்றாள் அவள். முகைதீன் வழியில் தூங்குகிறான் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். தனித்தனிச் சட்டியில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவன் சேதுராமன். வேலை கேட்டு வரவில்லை. தகப்பன் வைத்திருந்த பித்தளை இஸ்திரிப் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான், அதை எடுக்க வந்தான். உள்ளே பொன்னுதுரை அதே பெட்டியை வைத்து நல்லையாவின் கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புகை வந்தது.

“கைய எடுங்க.”

“நீர் இஞ்சை வேலை செய்யிற ஆள் இல்லை. வெளியாலை நில்லும்.”

“நான் இல்லாட்டி என்னா, கோட்டு இருக்குல்ல. கைய எடுங்கன்னா எடுங்க.” பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். கோட்டைத் திருப்பிப் போட்டு, பொசுங்கத் தொடங்கியிருந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றினான். “ஒரு கோட்டுத் தேய்க்கத் தெரியல, ஊர்வலம் போறாராம்.”

“அங்கை உமக்கு என்ன குறை?”

“ஒரு கொறையும் இல்ல. நல்ல மனுஷன்.” சேதுராமன் தலை நிமிராமல் தேய்த்தான். “நல்ல மனுஷன்கிட்ட எத்தன நாளுய்யா வேலை செய்யிறது? ராத்திரி வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி கேக்குறா, இன்னைக்கு என்னா நடந்துச்சுன்னு. சொல்ல ஒண்ணுமில்ல. அவளுக்கும் முகம் செத்துப்போச்சு.”

பொன்னுதுரை இதைக் கவனமாகக் கேட்டார். அவர் ஒரு பதிலை முழுவதுமாகக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கேட்டுவிட்டு, பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அஞ்சலை துவைகல்லில் நின்றாள். யாரும் கூப்பிடவும் இல்லை, வந்ததற்குக் காரணம் சொல்லவும் இல்லை. முகைதீன் பழைய சைக்கிளைத் திண்டாடித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, துணிக்காரர்களில் பாதிப் பேராவது திரும்பி வருவார்கள் என்று சாரதாம்பாளே ஒப்புக்கொண்டார். பிரயாணப் பெட்டியை மட்டும் அவர் கட்டிலுக்கடியில் தள்ளவில்லை. அறைக்கு வெளியே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தார்.

ஆட்கள் திரும்பி வந்ததை ஒட்டிப் பொன்னுதுரை ஒரு சிறப்புக் கூட்டம் நடத்தினார். வரவேற்பு ஒன்றும் இல்லை. நின்றுபோன நாட்களின் வேலையை எப்படி ஈடு செய்யப் போகிறீர்கள் என்று ஆரம்பித்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன்னிடம் உள்ள எந்தக் குணம் அவர்களைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது என்பதை ஆளுக்கொன்றாகச் சொல்லும்படி கேட்டார். வருங்காலத்தில் மற்ற நிர்வாகிகளுக்கு உதவும் என்றார்.

அஞ்சலை ஒரு போர்வையைத் தூக்கித் துவைகல்லில் அடித்தாள். அக்கம்பக்கத்தில் அன்றைக்கு யார் மேல் கோபம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. முகைதீன் வருகிறேன் தவுக்கே என்று சைக்கிளில் ஏறி, பிரேக் இல்லாத வேகத்தில் போய்விட்டான். சேதுராமன் கதவு மேசையில் ஒரு சட்டையை விரித்தான். பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து, துணியை நனைப்பதற்காக வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டான். பழைய தோபிகள் அப்படித்தான் தெளிப்பார்கள், பூத்தூறல் மாதிரி விழும்.

“உம்மைத்தான் கேக்கிறன், சேதுராமன். சொல்லும்.”

சேதுராமன் இரண்டு கன்னமும் உப்பியிருக்க நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவசரமே படாமல் பார்த்தான். பிறகு சட்டையை நோக்கி ஊதினான். நல்ல தொழில்காரன்; தண்ணீரில் பாதிதான் சட்டையில் விழுந்தது.

பொன்னுதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.